யாழினி ஓடவில்லை

அப்பு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் ஊர்க்கதை, உடம்புக்கதை என்று பக்கம் பக்கமாக இழுத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உறையை ஒட்டிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். அன்றைக்கு மலையில் யாழினி ஓடவில்லை. உன் பேச்சை அவள் மீறவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து அந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு உன் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், பழியைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் போட்டேன். எட்டு வயதுப் பிள்ளை, என் பேத்தி. நீ அவளை அடித்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். ஒரு முறை கோயம்புத்தூரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இன்னொரு முறை நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், அந்த மலையேற்றத்துக்கு வெகுகாலம் முன்பே ஆரம்பித்திருக்கிறது. போடியில் விடியக்காலையில் ஜீப்பில் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, வளைவு வளைவாக மலைமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அவர்களையே திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் என் சோலி. நடுவில் கிடக்கும் பகல் முழுவதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஜீப்பின் பின்சீட்டில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேன். அவ்வளவுதான். மலையை நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தேன். ரோடு முடிந்த இடத்தில் எனக்கு மலையும் முடிந்துபோனது. ஆனால் ஜீப்பில் வரும் பெண்கள் பேசிக்கொள்வார்கள். தோட்டத்துக்கு மேலே ஒரு மொட்டைப்பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் போடி முழுவதும் தெரியும், தேவாரம் ஊர்ப்பக்கத்துத் தென்னந்தோப்புகள்கூடத் தெரியும் என்பார்கள். நீ சின்னப் பையனாக என் மடியில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பாறையில் நானே ஏறி நின்றதைப் போல உனக்குச் சொன்னேன். காற்று எப்படி அடிக்கும், நம் வீட்டு மொட்டைமாடி எங்கே தெரியும் என்றெல்லாம் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாய். உன் சிநேகிதப் பையன்கள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

காலாண்டு லீவுக்கு நீங்கள் வந்தபோது, பிள்ளைகளை அந்தப் பாறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நீ சொன்னாய். "தாத்தா கதை சொன்ன பாறை" என்று யாழினியிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாய்.  நீ நல்லபடியாகத்தான் கேட்டாய்.

"அப்பா, இப்ப உங்களால ஏற முடியுமா? சுகர் வேற இருக்கு. பாதை நெனப்பிருக்கா, இல்ல தோட்டத்து ஆள் யாரையாச்சும் துணைக்குக் கூப்பிட்டுக்குவமா?"

"எனக்கு ஆள் வேணுமாக்கும்? நூறு தடவ ஏறி எறங்குன பாறைடா அது."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தேங்காயைத் துருவினாள். இத்தனை வருஷமாக அவள் எனக்குச் செய்துவந்த உபகாரம் அது. உன் கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மூன்று ஜீப் ஓடுகிறது என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஓடியது ஒன்று. மற்ற இரண்டும் பக்கத்துத் தெருக்காரருடையவை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.  மருமகள் சுபாவிடம் எப்போது உண்மையைச் சொன்னாய், எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. என் வாய்ச்சவடாலையெல்லாம் நீயும் உன் அம்மாவும் சத்தமில்லாமல் பெருக்கி அள்ளிக்கொண்டே இருந்தீர்கள். அதனால் அது ஒரு தப்பு என்றே எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிடாமல்தான் கிளம்பினேன். வளைவு ஏறும்போது குமட்டும் என்று சொன்னேன். உண்மையில் எனக்குப் பதற்றம். ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். மெட்டில் காரை நிறுத்தி டீ குடித்தோம். சுபா இரண்டு பிள்ளைகளுக்கும் அட்டைப்பூச்சி ஏறினால் போட உப்புப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தோட்டத்துப் பாதையில் கால் வைக்கும் முன் நீ பிள்ளைகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாய். அந்த வார்த்தைகள் அப்படியே எனக்கு நினைவிருக்கின்றன.

"பாதை ரெண்டாப் பிரியுற எடத்துல யாரும் மேல போகக்கூடாது. அங்கயே நிக்கணும். எல்லாரும் வந்து சேர்ந்தப்புறம்தான் போகணும். சரியா?"

சின்னவன் கவின் தலையாட்டிவிட்டுக் குச்சி பொறுக்கப் போய்விட்டான். யாழினிதான், "தாத்தாவும் நிக்கணுமா?" என்று கேட்டாள். "தாத்தாவும்தான்" என்றாய். எல்லாரும் சிரித்தோம்.

முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு நன்றாக இருந்தது, அப்பு! அதைச் சொல்லாமல் விட்டாலும் பொய்யாகிவிடும். ஏலச்செடிகள் தலைக்கு மேலே வளைந்து நின்றன. செடியின் அடியில் தரையோடு காய் தொங்குவதைப் பார்த்து, "மேல இல்லாம ஏன் கீழ காய்க்குது?" என்று கவின் கேட்டான். சுபா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். யாழினி என் கையை விடவே இல்லை. அவளுக்கு அட்டை என்றால் அப்படி ஒரு பயம். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று தன் காலைப் பார்ப்பாள், பிறகு என் காலையும் பார்ப்பாள். அப்புறம் கவினுக்குக் கால் வலித்தது. நீ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டாய், சுபா உன்னோடு மெதுவாக வந்தாள். நானும் யாழினியும் முன்னால் போனோம். முன்னால் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வழிகாட்டுகிறவன் முன்னால்தானே நடப்பான்?

பாதை பிரியும் இடம் வந்தது. ஒன்று வலப்புறம் கல்லும் வேருமாக ஏறியது. இன்னொன்று இடப்புறம் செடிகளுக்குள் சமமாகப் போனது. யாழினி உடனே நின்றுவிட்டாள்.

"தாத்தா, நிக்கணும். அப்பா சொன்னாங்கல்ல?"

"அவுங்க வர நேரமாகும் ஆத்தா. எனக்குத் தெரியாத பாதையா? வா, நாம மொதல்ல போயி பாறைமேல நின்னு கை காட்டுவோம்."

"இல்ல தாத்தா. அப்பா திட்டுவாங்க."

"ஒங்கப்பனுக்கே வழி காட்டுனவன் நான். வா."

அவள் வரவில்லை. நான் இழுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் கொஞ்சம் பலமாக இழுத்தேன். அப்புறம்தான் வந்தாள். எந்தப் பாதை என்று எனக்குத் தெரியாது. சமமாக இருந்ததால் இடப்பக்கம் திரும்பினேன். என் முழங்கால் அன்றைக்கு அதைத்தான் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கி, எதிரே எதுவும் தெரியாமல் மூடிவிட்டது. பிறகு தூறல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி ஏலச்செடி. திரும்பி நடந்தால் வந்த பாதையாகத் தெரியவில்லை. எனக்கு வேர்த்தது, கை நடுங்கியது, கண் இருட்டியது. சுகர் இறங்கிவிட்டது என்று புரிந்தது. ஒரு மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தேன். யாழினி தன் பையைத் திறந்தாள். அதில் அவளும் தம்பியும் பாறைமேல் உட்கார்ந்து தின்பதற்காக வைத்திருந்த கடலை மிட்டாய் இருந்தது. அதை உடைத்து உடைத்து என் வாயில் வைத்தாள். "மெல்லுங்க தாத்தா, மெல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கணுக்காலில் அட்டை கடித்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் உப்பு முழுவதையும் அதன்மேல் கொட்டினாள். வீட்டுக்கு வந்தபின் சுபா அவளுடைய சாக்ஸைக் கழற்றியபோது ரத்தமாக இருந்ததே, அவளுக்கு உப்பு மிச்சமில்லாததால்தான் அது.

"நான் போயி யாரையாவது கூட்டிட்டு வரட்டா?" என்று கேட்டாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக என்று நினைக்காதே. என்னைத் தனியாக விட்டுவிடுவாளோ என்ற பயம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். முதலில் "அப்பா" என்று. அப்புறம், "யாராவது இருக்கீங்களா" என்று. தொண்டை கம்மும்வரை கத்தினாள். காய் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண், உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டபடி செடிகளை விலக்கிக்கொண்டு வந்து, வழி தவறிவிட்டதா என்று மலையாளம் கலந்து கேட்டாள்.

"எந்தா மோளே, வழி தெத்திருச்சா? யாரு, தாத்தாவா?"

"ஆமாங்க. அப்பா நிக்கச் சொன்னாங்க. தாத்தா தெரியும்னு கூட்டிட்டு வந்தாங்க. இப்ப அவங்களுக்கு முடியல."

நடந்தது அவ்வளவுதான் என்று பிள்ளை சொல்லிவிட்டது. குற்றம் சொல்லும் குரல் இல்லை. அந்தப் பெண் என்னை ஒரு பக்கம் தாங்க, யாழினி இன்னொரு பக்கம் வர, தோட்டத்து ஜீப் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் நீ ஓடி வந்தாய். நீ வலப்பக்கப் பாதையில் பாறைவரை ஏறிப் போய், எங்களைக் காணாமல், பள்ளத்தையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக் கத்தியிருக்கிறாய். உனக்குக் குரலே இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. சுபா கவினை அணைத்துக்கொண்டு பின்னால் அழுதுகொண்டு வந்தாள்.

நீ யாழினியைத் தூக்கி மார்போடு அணைத்தாய். பிறகு இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய். "என்னப்பா இது? நிக்கச் சொன்னேன்ல? ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?"

நான் சொன்னேன்: "புள்ள ஓடிருச்சுப்பா. நான் கூப்புடக் கூப்புட உள்ள ஓடிருச்சு. விட முடியுமா? பின்னாடியே போனேன்."

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் தடுமாறாமல் வந்தது. அந்தத் தோட்டத்துப் பெண், "இல்ல சாரே, இந்தக் கொச்சுப் புள்ள வந்து..." என்று வாயெடுத்தாள். நான் அவளை முடிக்க விடவில்லை. "நீ போம்மா, ஒனக்கு ஜீப்பு போயிரும்" என்றேன். என்னைத் தாங்கிக்கொண்டு வந்தவள் அவள். ஒரு நன்றி சொல்லாமல் வாயை அடைத்து அனுப்பினேன். அதற்குள் உன் கை விழுந்துவிட்டது. அதுவரை நீ அந்தப் பிள்ளையைத் தொட்டு அடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். "தாத்தா செத்துப்போயிருப்பாரு ஒன்னால" என்றாய். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அங்கே நின்ற தோட்டத்து ஜீப்பின் டயரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபின் உன் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "அந்தப் புள்ள ஒங்க வேட்டியப் புடிச்சுக்கிட்டே நிக்கும். அது ஓடுச்சாக்கும்?" நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "நீ வந்து பாத்தியா?" என்றேன். அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் கிளம்பிய அன்று காலையில், மாடியில் துணி எடுக்க வந்த யாழினி என்னிடம் அகப்பட்டாள். தனியாக இருந்தோம். நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஆத்தா, அப்பாகிட்ட நீ ஏன் சொல்லல?"

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் தாத்தா."

அப்போதும் கீழே இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். நீ காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய். படி இறங்கி வந்தேன். "பாத்துப் போப்பா, ரோட்டுல லாரி ஜாஸ்தி" என்றேன். அவள் பின்சீட்டிலிருந்து நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கார் திரும்பும்வரை பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அதோடு என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போகிறார்களாம், யாழினியை நீ அனுப்பவில்லையாம். "பேச்சு கேக்காத புள்ளைய நம்பி எப்படிப்பா அனுப்புறது?" என்றாய். "ஆமாமா" என்றேன் நான். ஆமாம் என்றேன், அப்பு. உனக்கு அவள்மேல் இருந்த நம்பிக்கையைக் கெடுத்தது போதாதென்று, அதற்குத் தலையும் ஆட்டினேன். போனை வைத்தேன். உன் அம்மா வந்து பேனாவையும் தாளையும் என் முன்னால் வைத்தாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பொய் சொன்னது நான். கையை ஓங்கியது நீ. என் பொய்தான் காரணம் என்று சொல்லி அதை நீ தட்டிக்கழித்துவிடாதே. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நீ சொல்லு, என்ன நடந்துச்சு?" என்று. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத வீட்டில்தான் நீ வளர்ந்தாய். ஜீப் கண்ணாடியைப் பந்து அடித்து உடைத்துவிட்டு நீயே என்னிடம் வந்து சொன்னாய், நான் பெல்ட்டை உருவினேன். அடுத்த முறை பக்கத்து வீட்டு ஓடு உடைந்தபோது, "எனக்குத் தெரியாதுப்பா" என்றாய். அன்றைக்கு உன்னை நான் அடிக்கவில்லை. உண்மைக்கு அடியும் பொய்க்கு விடுதலையும் கொடுத்து உன்னை வளர்த்தவன் நான். உன் பிள்ளைகளுக்கு நீ அப்படிச் செய்துவிடாதே. தெரியாத பாதையைத் தெரியாது என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடு. அதனால் அவர்கள் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தைச் சுபாவிடம் கொடு. கவினுக்குப் புரியும் அளவுக்குச் சொல். அக்கா ஓடிப்போனாள் என்றுதான் அவன் விளையாட்டுத் தோழர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான். யாழினியின் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படி. என்னை மன்னிக்கச் சொல்லி யாரும் அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெரியவர் என்பதற்காக என் பக்கம் ஒரு வார்த்தைகூடப் பேசாதே. என்னோடு போனில் பேச அவளுக்கு இஷ்டம் இல்லையென்றால், போனை அவள் கையில் திணிக்காதே. முகாமுக்கு இன்னும் நாள் இருந்தால் அனுப்பிவிடு.

இதோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் உறையை ஒட்டும் முன் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய், சுபா எடுத்தாள். யாழினியிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சுபா அவளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவள் வந்தாள்.

"ஆத்தா, நடந்ததையெல்லாம் ஒங்கப்பாவுக்கு எழுதிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். நான் இழுத்தத, நீ நின்னத, மிட்டாய், உப்பு, அப்பா அடிச்சது, நான் சொன்ன பொய்யி. எல்லாம்."

"நான் அழுதத எழுதினீங்களா?"

"நீ அழவே இல்லையே ஆத்தா."

"அழுதேன். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம்ல கதவச் சாத்திட்டு. கொழாயத் தொறந்து விட்டிருந்தேன், அதான் யாருக்கும் கேக்கல."

  பிறகு, "அதையும் எழுதுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

எழுதிவிட்டேன்.

அப்பா